சின்னமும் பின்னமும்

கேள்வி: சிங்கப்பூரில் நேதாஜி எழுப்பிய ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவ) வீரர்கள் நினைவுச் சின்னத்தை மவுண்ட்பேட்டன் இடித்துத் தள்ளியது பழிவாங்கல்தானே?
- ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: 'சின்னம்' என்று எழுதிவிட்டீர்களே, விடுவேனா? வடமொழியில் 'சிஹ்ன' என்றால் அடையாளம். 'ச' வை மூச்சோடு அழுத்திச் 'சின்ன' என்றால் வெட்டுப்பட்டது. தமிழுக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டார்கள். சின்னாபின்னத்தில் இருப்பவர் இரண்டாமவர். எங்கள் பிழைதிருத்துநர் 'நினைவுச் சின்ன'த்தைப் பார்த்தால் 'நினைவுக்குறி' என்று திருத்துவார். நான் திரும்பச் சின்னமாக்குவேன். பல வருஷச் சண்டை. "தேர்தல் சமயத்தில் 'குறியைப் பார்த்து ஓட்டுப் போடுங்கள்' என்று தலைப்பு வைக்கலாமா?" என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

சிங்கப்பூர்க் கடற்கரையோர எஸ்பிளனேடில் நேதாஜி அடிக்கல் நாட்டியது 1945 ஜூலை 8. அதில் பொறித்தவை மூன்று உருதுச் சொற்கள்: இத்தஃபாக், இத்மாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். மூன்றாவது, பக்ரீத் புண்ணியத்தில் நமக்கே தெரியும். மலாயா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய கையால் துப்பாக்கி தூக்கிய நம்மவர்களுக்கு மற்ற இரண்டையும் யார் சொல்லிக்கொடுத்தார்களோ! செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வந்த சூட்டோடு இடித்தான்.

பக்கத்திலேயே முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு வெள்ளைக்காரர்கள் 1922ல் திறந்த போர் நினைவுத் தூண் நிற்கிறது. ஜப்பான்காரன் மூன்றரை வருஷம் ஊரை ஆண்டும் அதை இடிக்கவில்லை. (உடனே 'ஜப்பானியர் பெருந்தன்மை' என்று கடிதம் போடாதீர்கள். அதே ஊரில் சீனர்களைக் கடற்கரைக்கு ஓட்டிப்போய்ச் சுட்டவர்கள்.)

பழிவாங்கல் என்கிறீர்கள். நான் பயம் என்பேன். அப்போது தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைவர் மவுண்ட்பேட்டன். அவர் படையிலேயே இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். அவர்கள் கண்ணில் அது படக்கூடாது. இடித்த பிறகாவது பயம் தெளிந்ததா? 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூர் வந்தபோது, 'அந்த இடத்தில் மலர்வளையம் வைக்காதீர்கள்' என்று அவரிடம் மவுண்ட்பேட்டன் கேட்டுக்கொண்டார். செங்கோட்டை வழக்கில் ஐ.என்.ஏ. அதிகாரிகளுக்காக வக்கீல் கவுனைத் தூசிதட்டி மாட்டிய நேருவும் சரி என்றுவிட்டார். வெறுந்தரைக்கு ஒரு மாலை. அதற்கு இத்தனை பேச்சுவார்த்தை!

1995ல் அங்கே ஓர் அடையாளப் பலகை வைத்தார்கள். தமிழிலும் எழுதியிருக்கிறது. ஆக, இன்று அங்கே இருப்பது சின்னமாகிப்போன சின்னத்துக்கு ஒரு சின்னம். இந்த வரியை எங்கள் பிழைதிருத்துநர் என்ன செய்கிறார், பார்க்கிறேன்.