ரிவர் பிளேட் கடற்போர்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ரிவர் பிளேட் போரின் நினைவைக் கட்டிக்காப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போரைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதற்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறோம்.

போன இதழைத் தவறவிட்டேன். அது என்ன போர்? ஒரே ஒரு நாள் சண்டையை இவ்வளவு பேர் நினைவு வைத்திருப்பது ஏன்?
— ஆர். கே., கும்பகோணம்

1939 டிசம்பர் 13 காலை, உருகுவே கடற்கரைக்கு அப்பால் ஜெர்மனியின் 'அட்மிரல் கிராஃப் ஷ்பே' கப்பலை பிரிட்டிஷ் தரப்பின் எக்சிட்டர், ஏஜாக்ஸ், அக்கிலீஸ் என்ற மூன்று குரூசர்கள் (நடுத்தரப் போர்க்கப்பல்கள்) மறித்தன. இந்த மூன்றுக்கும் தலைவர் ஹென்றி ஹார்வுட். போரின்போது அவருடைய பதவிப் பெயர் கொமடோர், போருக்குப் பின் ரியர் அட்மிரல். ஆவணங்களில் தேடும்போது இரண்டு பதவிப் பெயரிலும் தேடுங்கள். கிராஃப் ஷ்பேயிடம் 28 செ.மீ. பீரங்கிகள் ஆறு. எதிரே எக்சிட்டரிடம் 8 அங்குலப் பீரங்கிகள் ஆறு, மற்ற இரண்டிலும் 6 அங்குலப் பீரங்கிகள் எட்டெட்டு. எக்சிட்டரில் 61 பேர், ஏஜாக்ஸில் 7 பேர், அக்கிலீஸில் 4 பேர், ஜெர்மன் தரப்பில் 36 பேர் இறந்தார்கள். அடிபட்ட கிராஃப் ஷ்பே மான்டிவிடியோ துறைமுகத்துக்குள் ஒதுங்கியது. நடுநிலை நாடான உருகுவே கொடுத்த கெடு முடிந்ததும், டிசம்பர் 17 மாலை, அதன் தளபதி லாங்ஸ்டார்ஃப் கப்பலை வெளியே கொண்டுவந்து தானே வெடிவைத்து மூழ்கடித்தார். சில நாளில் புவனோஸ் ஐரிஸில் தற்கொலை செய்துகொண்டார்.

நினைவு நீடித்ததற்கு ஒரு காரணம், பகை நீடிக்காதது. லாங்ஸ்டார்ஃப் அதற்கு முன் ஒன்பது வணிகக் கப்பல்களை மூழ்கடித்திருந்தார். அவற்றின் ஆட்களில் ஒருவரைக்கூடக் கொல்லவில்லை. மான்டிவிடியோவில் ஜெர்மன் மாலுமிகளைப் புதைத்தபோது, அவரிடம் கைதியாக இருந்து விடுபட்ட பிரிட்டிஷ் கப்பல்காரர்களும் மலர்வளையம் வைத்தார்கள். கிராஃப் ஷ்பே ஆட்களில் பலர் அர்ஜென்டினாவிலேயே குடும்பமாகிவிட்டார்கள்.

அந்தக் கப்பல்களில் ஒன்று பின்னால் நம் கடற்படைக்கு வந்தது என்கிறார்களே?
— ஜே. பி., தூத்துக்குடி

உண்மை. அக்கிலீஸ் 1948 ஜூலை 5 அன்று இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டு 'டில்லி' ஆனது. நம் பக்கத்து ஆள் ஒருவரும் இதில் உண்டு. செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி அப்போது அதில் இரண்டாம் நிலை அதிகாரி. 1958இல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். இன்னொரு பொருத்தம்: போரின்போது அக்கிலீஸின் கேப்டனாக இருந்த எட்வர்ட் பாரி, 1948 முதல் 1951 வரை இந்தியக் கடற்படைக்கே தலைவர். தான் போர் நடத்திய கப்பல் வேறு பெயரில் மறுபடி அவருக்குக் கீழேயே வந்துவிட்டது.

1978 ஜூன் 30 அன்று டில்லிக்கு ஓய்வு கொடுத்து, பிறகு உடைத்துவிட்டார்கள். அதன் இரட்டைப் பீரங்கி மேடை ஒன்றை இந்தியா நியூசிலாந்துக்குக் கொடுத்தது. ஆக்லாந்தில் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் நிற்கிறது.

அப்பா ஐ.என்.எஸ். டில்லியில் மாலுமியாக இருந்தவர். பதக்கங்கள், தொப்பி, ஓர் ஆல்பம், சில காகிதங்கள் இருக்கின்றன. பதக்கம் கறுத்துவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது? ஆல்பத்தில் படங்கள் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கின்றன.
— எஸ். எல்., தாம்பரம்

முதலில், சுத்தம் செய்யாதீர்கள். குத்துவிளக்குத் தேய்க்கிற புளி, விபூதி, கடையில் விற்கும் பாலிஷ் எதுவும் பதக்கத்துக்கு ஆகாது. இந்தியப் படையினரின் பதக்கங்களில் விளிம்பிலோ பின்புறத்திலோ எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். பத்துத் தடவை தேய்த்தால் அந்த எழுத்து மழுங்கிவிடும். அப்புறம் அது யாருடைய பதக்கம் என்று சொல்ல வழியே இல்லை. கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். பச்சையாகப் பொடி பூத்தால் மட்டும் கவலைப்படுங்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் பி.வி.சி. உறையும் ஈரமும்தான். உறையை எறிந்துவிட்டு, மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டி, அமிலமில்லாத காகிதத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். ரிப்பனைப் பிரிக்கவோ துவைக்கவோ வேண்டாம். புதிய ரிப்பன் மாட்ட ஆசையிருந்தால் நகல் பதக்கம் வாங்கி மாட்டுங்கள்.

ஆல்பம்: ஒட்டும் பசைத் தாளும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட வகை என்றால், 20 வருடத்தில் பசை இறுகிவிடும். நகத்தால் நெம்பினால் படம் மடிந்து, மேலிருக்கும் பூச்சு வெடிக்கும். வாசனை சேர்க்காத பல் இடுக்கு நூலை ஒரு முழம் எடுத்து, படத்தின் மூலையில் செருகி, அறுப்பதுபோல இப்படியும் அப்படியுமாக மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். வரவில்லையா? நிறுத்திவிட்டு, பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். ஹேர் டிரையர் வைத்துச் சூடாக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பசை இளகிப் படத்துக்குள் ஊறும்.

ஸ்கேன்: 4×6 அங்குலப் படத்துக்கு 600 டி.பி.ஐ., தீப்பெட்டி அளவுச் சின்னப் படத்துக்கு 1200. டிஃப் கோப்பாகச் சேமித்து, அனுப்ப மட்டும் ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டுத் திரும்ப இறக்கிய படம் காப்பகத்துக்கு உதவாது. பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, ஊர் எல்லாம் அங்கேதான் இருக்கும். நீங்களே பெயர் எழுதுவதானால் பென்சிலால், ஓரத்தில். லேமினேட் செய்தால் கதை முடிந்தது, திரும்பப் பிரிக்க முடியாது.

தொப்பிக்குள் கசங்கிய அமிலமில்லாக் காகிதத்தை நிரப்பி, வடிவம் நிற்கும்படி அட்டைப் பெட்டியில் வையுங்கள். நாஃப்தலின் உருண்டை வேண்டாம். சென்னை ஈரத்துக்கு எஃகு பீரோவைவிட, வெளிச்சுவரை ஒட்டாத அறையில் தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கும் அலமாரி மேல். சிலிக்கா ஜெல் பைகளை மழைக்கு முன்னும் பின்னும் மாற்றுங்கள். நிறம் மாறிய பையை அப்படியே விட்டுவைத்தால், அது உறிஞ்சிய ஈரத்தைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப விடும்.

அப்பாவின் பணி விவரம் வேண்டுமானால் அவருடைய பணி எண்ணைப் பதக்கத்திலோ ஓய்வூதியக் காகிதத்திலோ பார்த்து எடுங்கள். எண் இல்லாமல் பெயரை மட்டும் எழுதிக் கேட்டால் தேடுவது கடினம். மாலுமிகளின் ஆவணங்கள் மும்பை மான்குர்டில் உள்ள கடற்படை அலுவலகத்தில் இருக்கும். மனு எழுதத் தெரியாவிட்டால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

'கிராஃப் ஷ்பே எரியும் அரிய வண்ணப்படம்' என்று ஒன்று சுற்றிவருகிறதே?
— வி. என்., மதுரை

பீரங்கி மேடைகளை எண்ணுங்கள். கிராஃப் ஷ்பேயில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றிலும் மூன்று குழல். முன்னாலேயே இரண்டு மேடை தெரிந்தால் அது 1956இல் வந்த திரைப்படத்தின் காட்சி. அதில் கிராஃப் ஷ்பேயாக 'நடித்தது' அமெரிக்காவின் சேலம் என்ற குரூசர் (நம்ம சேலம் இல்லை). அதே படத்தில் அக்கிலீஸாக வந்தது அக்கிலீஸேதான், அதாவது நம் டில்லி. அந்தப் படத்திலிருந்து வெட்டி, நிறத்தை எடுத்துவிட்டு, 'போர்க்களப் புகைப்படம்' என்று போடுபவர்களும் உண்டு. அதனால் கறுப்பு வெள்ளை என்பதே சான்றாகிவிடாது.

1/350 அளவில் 1939 அக்கிலீஸ் மாடல் செய்கிறேன். டில்லியின் படங்கள் தெளிவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்துச் செய்யலாமா?
— டி. எஸ்., கோவை

கூடாது. 1943 ஜனவரியில் குண்டு விழுந்து பின்பக்க மேல் பீரங்கி மேடை சிதைந்தது. பழுது பார்த்தபோது அதை எடுத்தேவிட்டார்கள். கொடிமரங்களும் மூன்று கால் கொண்டவையாக மாறின. டில்லியாக வந்தபோது பீரங்கி ஆறுதான். 1939க்கு நான்கு மேடை, எட்டுப் பீரங்கி, ஒற்றைக் கொடிமரங்கள் என்று வையுங்கள். நீளம் 48 செ.மீ.க்குச் சற்று மேலே வரவேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துச் சாம்பல் நிறத்தின் அடர்த்தியை முடிவு செய்யாதீர்கள்: அக்கால ஃபிலிம்களில் சில நீலத்தை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் காட்டும்.

கனடாவில் ஏஜாக்ஸ் நகரில் இருக்கிறோம். எங்கள் தெருவுக்கு அந்தப் போரில் இருந்த மாலுமி ஒருவரின் பெயராம். அவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— பி., ஏஜாக்ஸ், ஒன்டாரியோ

உங்கள் ஊரே 1941இல் குண்டுகளில் மருந்து நிரப்பும் ஆலையைச் சுற்றி உருவாகி, அந்தக் கப்பலின் பெயரை எடுத்துக்கொண்டது. ஹார்வுட் அவென்யூ யார் பெயர் என்று இப்போது தெரிந்திருக்கும். முதலில் நகராட்சியிடமும் ஊர் நூலகத்திடமும் தெருப் பெயர்ப் பட்டியல் கேளுங்கள். அவர் போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம். தேதியை 13 டிசம்பர் என்று மட்டும் போட்டால் காயத்தால் பின்னர் இறந்தவர்கள் விடுபடுவார்கள். மாதக் கடைசி வரை போடுங்கள். கடலில் அடக்கமானவர்களுக்குக் கல்லறை இல்லை. பிளிமத், சாத்தம் போன்ற துறைமுக நினைவுச் சின்னங்களில் பெயர் இருக்கும். பெயரே வரவில்லை என்றால் அவர் பிழைத்தவர், அவ்வளவுதான். பெரும்பாலானோர் பிழைத்தவர்களே.

லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் 'ADM 53' என்ற வரிசையில் கப்பல் லாக் புத்தகங்கள் (அன்றாடப் பதிவேடுகள்) உள்ளன. பணம் கட்டி நகல் வாங்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: லாக்கில் திசை, வேகம், வானிலை இருக்கும், சாதாரண மாலுமியின் பெயர் அநேகமாக இருக்காது. சண்டையின் நிமிடக் கணக்குக்கு 1947இல் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் வந்த ஹார்வுட்டின் அறிக்கையே மேல். அதன் நேரத்தை ஜெர்மன் குறிப்புகளோடு ஒப்பிடும்போது இரு தரப்புக் கடிகாரங்களும் ஒரே மண்டலத்தில் வைக்கப்பட்டவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராஃப் ஷ்பேயின் தூரமானியை (இலக்கின் தூரத்தை அளக்கும் கருவி) 2004இல் கடலிலிருந்து தூக்கி மான்டிவிடியோ துறைமுகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடலில் கிடந்த இரும்பு துருப்பிடித்தால் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதாதா?
— கே. எம்., நாகப்பட்டினம்

போதாது. பிரச்சினை மேலே இருக்கும் துரு இல்லை, உள்ளே ஊறிய உப்பு. குளோரைடு இரும்பின் நுண்துளைகளில் உட்கார்ந்திருக்கும். காற்று பட்டதும் வேலையைத் தொடங்கும். பெயின்ட் அதை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. கொஞ்ச காலத்தில் பெயின்ட் கொப்புளித்து, தகடு தகடாக உரியும்.

முறை இது. கடலிலிருந்து எடுத்த பொருளைக் காயவே விடக்கூடாது. தண்ணீரில் 2 சதவீத காஸ்டிக் சோடா, அதாவது லிட்டருக்கு 20 கிராம். சோடாவைத் தண்ணீரில்தான் போடவேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். உப்பு வெளியேறுகிறதா என்று பார்க்கக் கொஞ்சம் கரைசலை எடுத்து, நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளி நைட்ரேட் சொட்டு விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் இருக்கிறது. அமிலம் விட மறந்தால் காஸ்டிக்கே பழுப்பாகப் படிந்து ஏமாற்றும். கரைசலை மாற்றி மாற்றி, கலங்கல் நிற்கும்வரை வைக்கவேண்டும். சிறு ஆணிக்கு மாதங்கள், பீரங்கிக்கு வருடங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசல், உலர்த்தல், டானிக் அமிலப் பூச்சு, மேலே மெழுகு. போர்வெல் தண்ணீரில் அலசினால் வெளியே எடுத்த உப்பைத் திரும்ப உள்ளே விட்ட மாதிரி.

தூரமானி ஏன் தலைவலி என்றால், மேடையும் சேர்த்து 27 டன். அவ்வளவு பெரிய தொட்டி கட்டுவதே பெரிய செலவு. அத்துடன் இதுமாதிரிக் கருவிகளில் இரும்பு, பித்தளை, கண்ணாடி எல்லாம் கலந்திருக்கும். அலுமினியப் பாகம் இருந்தால் காஸ்டிக்கில் கரைந்தே போகும். பிரித்துத்தான் செய்யவேண்டும். தூக்குவதற்கு முன்பே தொட்டிக்குப் பணம் ஒதுக்காதவர்கள் தூக்காமல் இருப்பதே அந்தப் பொருளுக்குச் செய்யும் நன்மை. சேற்றுக்கடியில் காற்றுப் படாமல் இருப்பது துறைமுகத் திடலைவிடப் பாதுகாப்பு.

மூழ்கிய கிராஃப் ஷ்பேயிலிருந்து நாஜி ஸ்வஸ்திகாவோடு எடுத்த வெண்கலக் கழுகு என்ன ஆயிற்று?
— ஏ. ஆர்., புதுச்சேரி

2006 பிப்ரவரியில் எடுத்தார்கள். 2023இல் உருகுவே அதிபர் அதை உருக்கிப் புறாச் சிலை செய்வதாக அறிவித்து, எதிர்ப்பு வரவே சில நாளில் வாபஸ் வாங்கினார். உருக்காதது நல்லது. அசிங்கமான சின்னமும் சான்றுதான்.

எக்சிட்டர் என்ன ஆனது?
— அதே வாசகர்

1942 மார்ச் 1 அன்று ஜாவாக் கடலில் ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். சிதைவை 2007இல் கண்டுபிடித்தார்கள். 2016இல் போய்ப் பார்த்தபோது கப்பலே இல்லை. பழைய இரும்புக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிதைவின் துல்லியமான இடத்தைக் கண்டவுடன் ஊருக்கெல்லாம் சொல்லும் ஆர்வலர்கள் இதைக் கவனிக்கட்டும்.

எங்கள் தெருவில் டில்லியில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பேச்சைப் பதிவு செய்ய ஆசை. என்ன கேட்பது?
— ஹெச்., வேலூர்

1978இல் ஓய்வுபெற்ற கப்பல் என்பதால் அதில் இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் விசில் வராத நேரமாகப் பாருங்கள். மைக் சட்டைக் காலருக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். 'போர்க்காலம் எப்படி இருந்தது ஐயா' என்று கேட்டால் எல்லாரும் சொல்வதையே சொல்வார். 'மணி அடித்தால் நீங்கள் எந்த இடத்துக்கு ஓடவேண்டும், எத்தனை ஏணி இறங்கவேண்டும், பக்கத்தில் யார் நிற்பார், காதில் என்ன கேட்கும்' என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து அந்த இடத்தை வரையச் சொல்லுங்கள். கை வரைய ஆரம்பித்தால் வாய் தானாகத் திறக்கும். தேதி தப்பாகச் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். குறிப்பில் தனியே எழுதிக்கொண்டு பிறகு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். திரைப்படத்தில் பார்த்ததும் கண்ணால் கண்டதும் கலந்துவிடுவது சகஜம். 'அப்போது நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்' என்ற ஒரு கேள்வியில் அது பிரிந்துவிடும்.

பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். பேச ஆரம்பிக்கும் முன்பே, யார் கேட்கலாம், எப்போது வெளியிடலாம், பெயர் போடலாமா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பேச்சு முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் காபி வந்துவிடும், மறந்துபோகும். பல நல்ல பதிவுகள் யாருக்கும் கொடுக்க முடியாமல் முடங்கிக் கிடப்பது இந்த ஒரு பக்கம் இல்லாததால்தான்.