நிற்க முடியாமல் குந்திவிடும் 15 நாள் வாத்துக்குஞ்சு

குஞ்சுக்கு இன்றே நியாசின் (வைட்டமின் பி3) கொடுக்கத் தொடங்குங்கள். காலுக்குக் கட்டுப் போட வேண்டாம். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டுமே தின்று வளர்ந்த வாத்துக்குஞ்சு, இரண்டு கால்களும் வளைந்து, மூட்டு வீங்கிக் குந்திக்கொள்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நியாசின் குறைபாடே முதலில் சந்தேகிக்க வேண்டியது. வாத்துக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் தேவை. கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஒரு கப் தீவனத்தில் ஒரு மேசைக்கரண்டி புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) தூளைக் கலந்து கொடுங்கள். ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்ட் இதற்கு ஆகாது.

இரண்டு கால்களையும் மெதுவாகத் தடவி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், அது அடிபட்டதாகவோ குதிநரம்பு (மூட்டின் பின்புறத் தசைநாண்) விலகியதாகவோ இருக்கலாம். அதற்கு ஈஸ்ட் உதவாது. தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் வழுக்கும், சாக்கு விரியுங்கள்.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சத்துக்காகக் கடலைப் பிண்ணாக்கைச் சேர்ப்பவர்கள் உண்டு. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சை வாத்துக்குஞ்சு சிறிதும் தாங்காது என்பதால், தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கழுத்து தொங்கினாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, மற்றக் குஞ்சுகளும் சோர்ந்தாலோ இது தொற்றுநோயாக இருக்கக்கூடும். அப்போது காத்திருக்காமல், நோயுற்றதைத் தனியே பிரித்து, அரசு மிருகாஸ்பத்திரி மருத்துவரிடம் காட்டுங்கள்.