பழைய பெட்ரோல் லாரியில் ரேடியோ இரைந்தால், முதலில் பிளக் வயரைப் பாருங்கள்

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர், தம் தந்தை ஓட்டிய ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரியைப் பழுதுபார்த்து, எஞ்சினில் பொறி தெறிக்கவைக்கும் பிளக்குகளையும் அவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோகும் செப்புக் கம்பி வயர்களையும் புதிதாகப் போட்டிருக்கிறார். வண்டி முன்பைவிட நன்றாக இழுக்கிறது; ஆனால் மீடியம் வேவில் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலியைக் கேட்கவிடாமல் 'படபட'வென்று இரைச்சல் வருகிறதாம். ரேடியோவை மாற்றலாமா என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டாம். ரேடியோ தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. உங்கள் லாரிதான் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாகிவிட்டது. கம்பியில்லாத் தந்தியின் தொடக்க காலத்தில் மின்பொறியைக் கொண்டுதான் அலைகளை அனுப்பினார்கள். நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு 100 பொறிகள் தெறிக்கின்றன. ஒவ்வொன்றும் பிளக் வயரையே ஆன்டெனாவாக்கிக்கொண்டு பல அலைவரிசைகளில் பரவுகிறது. எஃப்எம்மைவிட மீடியம் வேவுக்கு இந்தத் தொல்லை மிக அதிகம்.

இதைத் தடுப்பது வயரிலுள்ள மின்தடை. கழற்றிய பழைய வயர் கையிலிருந்தால் அதன் முனையை வெட்டிப் பாருங்கள். பென்சில் முனைபோல் கறுத்த இழை தெரிந்தால் அது கார்பன் வயர். செப்பே தெரிந்தால், பிளக் முனையில் ரெசிஸ்டர் வைத்த தொப்பி இருந்திருக்கக்கூடும். மல்டிமீட்டரில் கார்பன் வயர் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும், செப்பு ஏறக்குறைய சுழியம் காட்டும். செப்பு வயரில் பொறி பலமாக வரும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார்; பொறிக்கான உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் காயில் நல்ல நிலையிலிருந்தால் அந்தக் கூடுதல் பலம் தேவையே இல்லை. கார்பன் வயருக்குத் திரும்புங்கள், அல்லது செப்பு வயரை வைத்துக்கொண்டு, சுமார் 5000 ஓம் தடையுள்ள ரெசிஸ்டர் பிளக்குகளைப் போடுங்கள். வயர், தொப்பி, பிளக் மூன்றிலும் தடையை அடுக்கினால் காலையில் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும்.

செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. மணலி, எண்ணூர்ப் பக்கம் உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் எஞ்சின் ஓடாதபோதும் ரேடியோ இரையக்கூடும் என்பதால், அவற்றிலிருந்து விலகி நிறுத்துங்கள். ரேடியோவுக்கு நேராக பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, வண்டியை நியூட்ரலில் வைத்து எஞ்சினை முறுக்கிவிட்டுச் சாவியை அணையுங்கள். அந்தக் கணமே இரைச்சல் நின்றால் குற்றவாளி, பொறியை உண்டாக்கும் இக்னிஷன்தான். எஞ்சின் சுழற்சி தளரத் தளர ஊளை போன்ற ஒலி இறங்கி அடங்கினால் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவின் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். பிரஷ்ஷும், அது உரசிச் சுழலும் செப்புப் பகுதியான கம்யூடேட்டரும் நன்றாக இருந்தும் ஊளை போகவில்லையென்றால், மின்சாரம் வெளிவரும் முனைக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக உடலுக்கும்) இடையே, இரைச்சலை வடித்துவிடும் 0.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போடலாம். எஃப் என்று குறித்த ஃபீல்டு முனையில் மட்டும் அதைப் போடவே கூடாது. டைனமோவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாயிண்ட் (தொட்டு விலகும் முனை) கருகிவிடும்.

காயிலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இரைச்சல் தடுக்கும் கண்டன்சரைச் சாவியிலிருந்து மின்சாரம் வரும் முனையில்தான் இணைக்க வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் இணைத்தால் பொறியே சோர்ந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் கண்டன்சர் பாயிண்டைக் காப்பதற்கானது, ரேடியோவுக்கானதல்ல.

இத்தனைக்குப் பிறகும் மெல்லிய இரைச்சல் மிஞ்சினால், காசிமேட்டுக் கடற்காற்றின் உப்பைச் சந்தேகிக்கிறேன். எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை, பானெட் கீல், ஆன்டெனாவின் அடித்தளம் ஆகிய மூன்றையும் கழற்றி, பச்சைக் களிம்பும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சிட்ட பிறகு இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள்.