காட்டுக்குக் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி வேரைப் பாருங்க

இந்த தடவை வந்த கடிதத்துல பாதி போன்சாய் காடு பத்தித்தான். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஆழம் கம்மியான ஒரே தட்டுல அஞ்சு, ஏழு, ஒன்பதுன்னு சின்ன மரங்களைக் கூட்டமா நட்டு, தள்ளி நின்னு பார்த்தா ஒரு தோப்பு மாதிரி தெரிய வைக்கிறது. ஜப்பான்காரங்க யோசே-உவேன்னு சொல்வாங்க. கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: ஆன்லைன்ல ரெடிமேட் காடு ஒண்ணு வாங்கினேன், ஏழு மரம், 4,500 ரூபா. மேல அழகா கல்லு ஒட்டியிருந்துச்சு. மூணு வாரத்துல நாலு மரம் காஞ்சு போச்சு. கேட்டா நான் தண்ணி அதிகமா ஊத்திட்டேன்னு சொல்றாங்க. என் தப்பா? (வாசகி, ஈரோடு)

உங்க தப்பு மாதிரி எனக்குத் தெரியலைங்க. மூணு வாரத்துல ஏழுல நாலு போகுதுன்னா பெரும்பாலும் அதுங்களுக்கு வேரே இருந்திருக்காது. எனக்கும் இதே நடந்திருக்கு. ஆறு வருஷம் முன்னாடி ஒரு கண்காட்சி ஸ்டால்ல ஏழு மரம் வச்ச ஃபைகஸ் (நம்ம ஆல், அத்தி இனம்) காடு, 3,800 ரூபா, மேல வெள்ளைக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தாங்க, பார்த்ததும் மனசு அதுலயே நின்னுடுச்சு, வாங்கிட்டேன். பத்தாவது நாள் இலை கொட்ட ஆரம்பிச்சுது. தண்ணியைக் கூட்டிப் பார்த்தேன், குறைச்சுப் பார்த்தேன், நிழல்ல வச்சேன், ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. கடைசில ஸ்க்ரூ டிரைவரால கல்லை நெம்பி எடுத்தா அடியில மண்ணு மாவு மாதிரி காஞ்சு கெடக்கு. நான் ஊத்தின தண்ணி எல்லாம் கல்லு மேலயே ஓடி ஓரத்துல வழிஞ்சிருக்கு. ஒரு மரத்தை லேசா இழுத்தேன், கையோட வந்துடுச்சு. அடியில சாய்வா ஒரு கத்தி வெட்டு, நூல் அளவு வேர் கூட இல்ல. கிளையை ஒடிச்சு சொருகி, ஆடாம இருக்கத்தான் கல்லை ஒட்டியிருக்காங்க.

நீங்க இப்பவே செய்ய வேண்டியது: காஞ்ச மரத்தை ஒவ்வொண்ணா வெளிய எடுங்க, அடிப்பகுதி நல்லா தெரியற மாதிரி ஃபோட்டோ எடுங்க, எடுக்கறதையே வீடியோவா எடுத்தா இன்னும் நல்லது. அதோட வாங்கின பக்கத்துல இருந்த படம், ஆர்டர் விவரம், அவங்க அனுப்பின பதில் எல்லாம் சேர்த்து எழுத்துல புகார் குடுங்க. ஆன்லைன் கடைகளுக்கான 2020 விதிகள்படி புகார் அதிகாரி 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். அசையலைன்னா 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதுக்கும் மேல உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வேற மாநிலத்துல இருந்தாலும் நீங்க ஈரோட்டுலயே வழக்கு போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. 4,500 ரூபாதானேன்னு விட்டுடாதீங்க, அந்தத் தைரியத்துலதான் இதை விக்கறாங்க. மிச்சம் இருக்கற மூணு மரத்தோட கல்லையும் இன்னிக்கே எடுத்துடுங்க.

கேள்வி: நீல மேப்பிள் போன்சாய் விதை, 50 விதை 199 ரூபா. நம்பி வாங்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

வாங்காதீங்க. போன்சாய் விதைன்னு தனியா ஒரு விதை கிடையாது, நீல இலை மேப்பிளும் கிடையாது.

கேள்வி: நானே காடு நடலாம்னு இருக்கேன். ஏழு மரம் வேணும்னா ஏழு கன்னு வாங்கினா போதுமா? எல்லாம் ஒரே உயரத்துல பார்த்து எடுக்கணுமா? (வாசகர், மதுரை)

ஒரே உயரத்துல எடுத்தீங்கன்னா அது காடு இல்ல, வேலி. மொதல்ல ஒரு மரம், எல்லாத்தையும் விட தடிமனா, உயரமா. அதுக்குத்தான் கொஞ்சம் கூடக் காசு செலவு பண்ணணும். அடுத்தது அதை விட கொஞ்சம் சின்னது. மத்ததெல்லாம் குச்சி மாதிரி மெலிசா இருந்தா போதும், சொல்லப்போனா மெலிசாத்தான் இருக்கணும், ஏன்னா தடிச்ச மரத்துப் பக்கத்துல மெலிசு நிக்கும்போதுதான் தடிச்சது பெருசாத் தெரியும். நர்சரில யாரும் சீண்டாம ஒரு பக்கமா வளைஞ்சு, வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுன்னு போன கன்னுங்க மூலையில கெடக்கும் பாருங்க, அதைக் கேளுங்க. தனி மரமா வச்சா ஒண்ணுத்துக்கும் ஆகாதது காட்டுல ஓரத்துல வச்சா அவ்ளோ இயற்கையா நிக்கும், விலையும் கம்மி.

ஏழு நடணும்னா பத்து வாங்குங்க. ஒண்ணு ரெண்டு பொழைக்காது, ஒண்ணோட வேர் பக்கத்து மரத்தோட ஒட்டி நிக்க விடாது. முக்கியமான விஷயம், எல்லாம் ஒரே தாய் மரத்துல இருந்து எடுத்த பதியனான்னு கேட்டு வாங்குங்க. ஃபைகஸ்னு பேர் ஒண்ணா இருந்தாலும் ஒரு கன்னோட இலை விரல் நகம் அளவு, இன்னொண்ணோடது வெத்தலை சைஸ்ல இருக்கும், துளிர் வர்ற நேரமும் வேற வேற. பக்கத்துல பக்கத்துல நட்டா ரெண்டு வருஷம் கழிச்சு அது ஒரு தோப்பாவே தெரியாது. நம்ம ஊர் வெயிலுக்கு சின்ன இலை ஃபைகஸ், கல்லிச்சி (அதுவும் ஃபைகஸ் வகைதான்), ஜேட் (தடிச்ச சதைப்பத்துள்ள இலைச் செடி) இதுல ஒண்ணை எடுத்துக்கங்க. ஜேட்னா வெட்டின இடம் காய நாலஞ்சு நாள் விட்டுட்டு நடுங்க, இல்லன்னா அழுகிடும். நடும்போது பெரிய மரத்தை நட்ட நடுவுல வைக்காதீங்க, தட்டை மூணாப் பிரிச்சா ஒரு பங்கு கிட்ட வைங்க. முன்னாடி இருந்து பார்த்தாலும் பக்கத்துல இருந்து பார்த்தாலும் மூணு தண்டு ஒரே கோட்டுல வரக்கூடாது, ஒண்ணு இன்னொண்ணை மறைக்கக் கூடாது. அக்னி நட்சத்திரம் முடிஞ்சு ரெண்டு மழை பேஞ்சப்புறம் நடுங்க, அவசரம் வேண்டாம்.

கேள்வி: ஒரு கடையில 35 வருஷக் காடுன்னு டேக் போட்டு 28,000 சொல்றார். பேரம் பேசி 22,000க்கு வந்துட்டார். இந்த வயசுக்கு இது நல்ல விலையா? (வாசகர், கோவை)

இந்த வயசு டேக் விஷயத்தை நான் பத்து தடவையாவது எழுதியிருப்பேன், இன்னொரு தடவையும் எழுதறேன். அந்த 35ங்கற நம்பரை எழுதினது யாரு? விக்கறவர்தான். அதை நீங்க எப்படி சரிபார்ப்பீங்க? மரத்தை அறுத்து வளையம் எண்ண முடியாது, நம்ம ஊர் ஃபைகஸ்ல எண்ணறதுக்குத் தெளிவா வளையமும் இருக்காது. அந்த ஏழு மரமும் ஒண்ணா இருக்கறது 35 வருஷமா, இல்ல அதுல ஒண்ணு மட்டும் பழசா, இல்ல போன மாசம்தான் தட்டுல ஏத்தினாங்களா? டேக் எதையும் சொல்லாது. ஃபைகஸை நிலத்துல நட்டு நல்லா தண்ணி விட்டா சில வருஷத்துலயே மணிக்கட்டு தடிமன் வந்துடும், அதையே சின்னத் தொட்டியில வச்சா பல வருஷம் ஆனாலும் மெலிசாவே நிக்கும். அப்போ தடிமனை வச்சும் வயசு சொல்ல முடியாது. காட்டுல வயசுங்கறது கண்ணுக்குத் தெரியற ஒரு தோற்றம், தண்டு மேல போகப்போக மெலியறது, அடிவேர் மண்ணைக் கவ்வி நிக்கறது, கீழ்க்கிளை இல்லாம உள்ள நிழலா இருக்கறது, இதெல்லாம் சேர்ந்து குடுக்கற தோற்றம். அதுக்குக் காசு குடுங்க, நம்பருக்குக் குடுக்காதீங்க.

உலகத்துலயே பேர் போன காடு வாஷிங்டன்ல அமெரிக்க தேசிய மரப் பூங்காவுல இருக்கு. கோஷின்னு பேரு, அமெரிக்க போன்சாய் கலைஞர் ஜான் நாகா பண்ணினது, 11 ஜூனிபர் (குளிர் தேசத்து ஊசியிலை வகை) மரம், அவரோட 11 பேரப்பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. பேரப்பிள்ளை பிறக்கப் பிறக்க மரம் சேர்த்து, 1984ல அதை நாட்டுக்கே குடுத்துட்டார். அந்தக் காட்டுக்கு வரலாறு இருக்கு, எந்த மரம் எப்ப வந்துச்சுன்னு சொல்ல ஆள் இருந்தாங்க. உங்க கடைக்காரர்கிட்ட அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்த ஒரு ஃபோட்டோ இருக்கான்னு கேளுங்க. முப்பத்தஞ்சு வருஷம் வளர்த்தவர் ஒரு ஃபோட்டோ கூடவா எடுத்திருக்க மாட்டார்? இல்லைன்னு சொன்னா 22,000ம் அதிகம்தான். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் மைசூர் போய்ட்டு வாங்க, கணபதி சச்சிதானந்த ஆசிரமத்துல பெரிய போன்சாய் தோட்டம் இருக்கு, நல்ல மரத்தை நாலு மணி நேரம் பார்த்த கண்ணுக்கு டேக் தேவைப்படாது.

கேள்வி: யூடியூப்ல பார்த்து ஜூனிபர் காடு ஆசை. சென்னை வேளச்சேரில பால்கனி. ஒன்பது கன்னு ஏற்கனவே ஆர்டர் பண்ணிட்டேன். எப்படி வளர்க்கறது? (வாசகர்)

கேன்சல் பண்ணுங்க. அதுக்கு ஓய்வெடுக்கக் குளிர்காலம் வேணும், சென்னைல அது கிடையாது. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா இந்தப் பதிலே தேவைப்பட்டிருக்காதுங்க.

கேள்வி: காட்டுத் தட்டு விலை கேட்டா தலை சுத்துது. இரண்டடி பீங்கான் தட்டு 7,000 சொல்றாங்க. (வாசகி, செங்கல்பட்டு)

வேண்டவே வேண்டாம். கடப்பா கல்லு விக்கற இடத்துல உடைஞ்ச துண்டு கெடக்கும், ஓரம் கோணல்மாணலா இருக்கறதாப் பார்த்து எடுங்க, அதுதான் பாறை மாதிரி இருக்கும். மெஷின்ல ட்ரில் போட்டு ஏழெட்டு ஓட்டை வைக்கச் சொல்லுங்க, கம்பி கோர்க்கத்தான் அது. மரத்தை அடியோட கம்பியால கட்டி நிறுத்தலைன்னா காத்துல ஆடி ஆடி புது வேர் அறுந்துகிட்டே இருக்கும். மண்ணு வழியாம இருக்க ஓரம் சுத்தி களிமண்ணும் தேங்காய் நார்த்தூளும் பிசைஞ்சு ஒரு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டுங்க, உள்ள சலிச்ச செங்கல் ஜல்லியும் கொஞ்சம் மக்கின எருவும். பீங்கான் தட்டுதான் வேணும்னா தூக்கி அடியைப் பாருங்க. தண்ணி போக ஓட்டை இல்லாத தட்டை போன்சாய் தட்டுன்னு விக்கறாங்க, அதை நானும் ஒரு தடவை வாங்கி மூணு மரத்தை அழுக விட்டிருக்கேன்.

கேள்வி: பில் வேண்டாம்னு சொன்னதால 300 ரூபா குறைச்சாங்க. இப்ப மரத்துல மாவுப்பூச்சி. மாத்திக் குடுக்க மாட்டேங்கறாங்க. (வாசகர், ஓசூர்)

300 ரூபாய்க்கு உங்க சாட்சியை நீங்களே வித்துட்டீங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி பில் குடுக்காம இருக்கறதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன நாளுக்குள்ள, எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுத்துக்க மறுக்கறதும் அப்படித்தான். ஆனா வேண்டாம்னு நீங்களே சொன்னப்புறம் எதை வச்சுப் பேசறது? ஜிபேல அனுப்பியிருந்தா அந்த ரசீதை எடுத்துட்டுப் போய் கேளுங்க. தண்ணில கொஞ்சம் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து சாயங்காலமா அடிங்க, அந்த மரத்தை மத்ததுங்க கிட்ட வைக்காதீங்க.

கேள்வி: ரெண்டு வருஷக் காடு, ஒன்பது ஃபைகஸ். இப்ப ஒரே புதராயிடுச்சு, தண்டே தெரியல. புதுசா ரெண்டு பெரிய மரம் 2,000 ரூபாய்க்கு வாங்கி நடுவுல வச்சா சரியாகுமா? (வாசகி, திருச்சி)

எதுவும் வாங்காதீங்கம்மா. உங்க காடு நல்லாத்தான் இருக்கு, வெட்டத்தான் வேண்டியிருக்கு. தட்டைக் கண்ணு மட்டத்துக்கு ஒரு ஸ்டூல் மேல வைங்க. மொதல்ல கீழ்ப்பாதில இருக்கற கிளைங்க, உள்பக்கமா ஒண்ணை ஒண்ணு பார்த்து நீட்டறதெல்லாம் எடுத்துடுங்க, காட்டுக்குள்ள நிழல்ல கீழ்க்கிளை தங்காது இல்லையா, அதே மாதிரி. வெளி ஓரத்து மரங்களுக்கு மட்டும் வெளிப்பக்கக் கிளை கொஞ்சம் கீழ வரைக்கும் விடுங்க. அப்புறம் உச்சியைப் பாருங்க, பெரிய மரத்தை முந்திகிட்டு எது போகுதோ அதை வெட்டி இறக்குங்க. வெட்டற இடத்துல பால் வடியும், ஈரத்துணியால ஒத்தி எடுங்க. ஒரே நாள்ல முடிக்காதீங்க, பத்து வெட்டு வெட்டினதும் தள்ளி நின்னு பாருங்க, தண்டுக்கும் தண்டுக்கும் நடுவுல பின்னாடி சுவர் தெரியணும். கிளையை வளைக்கக் கம்பி சுத்தினா மழைக்காலத்துல வாரம் ஒரு தடவை பாருங்க, ஃபைகஸ் சீக்கிரம் தடிக்கும், கம்பி உள்ள பதிஞ்சா தழும்பு போகாது.

அந்த 2,000 ரூபாயை அப்படியே வைங்க. வேர் எல்லாம் ஒண்ணாப் பின்னி பாய் மாதிரி ஆயிருக்கும், தண்ணி ஊத்தினா இறங்காம மேலயே தேங்குதுன்னா மண்ணு மாத்தற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்போ மரத்தைத் தனித்தனியாப் பிரிக்காம, பாயோட மொத்தமாத் தூக்கி ஓரத்தையும் அடியையும் மட்டும் வெட்டி வைக்கணும், ஒருத்தரால தூக்க முடியாது, ஜல்லி வாங்கவும் கூட ஒரு ஆளுக்குக் கூலி குடுக்கவும் ஆகும்.