உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைச் சுற்றி நடந்த சண்டையும்: கேள்வி பதில்

வட்ட வழங்கல் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து 2019-இல் ஓய்வு பெற்றேன். 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தபோது நடந்த விவாதத்தை ஒரு நாள் விடாமல் பார்த்தவன். அந்த மசோதாவில் கட்சிகள் எதற்காக முட்டிக்கொண்டன என்று கேட்டவர்கள் பலர். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, பசிக்கு அரிசி கொடுப்பதை யார் எதிர்ப்பார்கள்? அப்புறம் ஏன் நாலு வருடம் இழுத்தது? (திருச்சி, கல்லூரி மாணவர்)

கொடுக்கக் கூடாது என்று எந்தக் கட்சியும் எழுந்து சொல்லவில்லை, தம்பி. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் நாலு வருடம் போனது.

கதை 2001-இல் தொடங்குகிறது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் வழிந்துகொண்டிருந்தபோது ராஜஸ்தானில் வறட்சியில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உணவு என்பது அரசு மனம் வைத்துப் போடும் பிச்சை இல்லை, உரிமை என்ற பேச்சு அந்த வழக்கில்தான் வலுப்பெற்றது. பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கட்டாயம் என்று நாடு முழுக்க உத்தரவானதும் அதே வழக்கில்தான்.

2009 தேர்தலில் காங்கிரஸ் மாதம் 25 கிலோ, கிலோ 3 ரூபாய் என்று வாக்குறுதி கொடுத்தது. சோனியா காந்தி தலைமையிலான தேசிய ஆலோசனைக் குழு, மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேருக்குச் சட்ட உரிமை வேண்டும் என்றது. பிரதமர் அமைத்த ரங்கராஜன் குழு, அவ்வளவு தானியம் கொள்முதல் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த ஆலோசனைக் குழுவுக்குள்ளேயே பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ், இது போதாது என்று தனியாக மாற்றுக் கருத்து எழுதி வைத்தார். ஆக, முதல் சண்டை ஆளுங்கட்சி வீட்டுக்குள்ளேயே நடந்தது. வேளாண் அமைச்சர் சரத் பவாருக்கும் இதில் முழு மனசு இல்லை.

2011 டிசம்பர் 22-இல் உணவு அமைச்சர் கே.வி. தாமஸ் மசோதாவைக் கொண்டுவந்தார். அதில் குடும்பங்கள் இரண்டு வகை: ‘முன்னுரிமை’ என்றால் ஆளுக்கு 7 கிலோ, ‘பொது’ என்றால் 3 கிலோ. நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு 2013 ஜனவரியில், இரண்டு வகை வேண்டாம், எல்லோருக்கும் ஒரே 5 கிலோ என்றது. கடைசியில் நின்றது அதுதான். கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேருக்கு ஆளுக்கு 5 கிலோ. அரிசி 3 ரூபாய், கோதுமை 2, சிறுதானியம் 1. அந்த்யோதயா என்ற, ஏழைகளிலும் ஏழைகளுக்கான திட்டத்தில் இருக்கும் குடும்பத்துக்குப் பழையபடி 35 கிலோ.

நாடாளுமன்றம் இருக்கும்போது அவசரச் சட்டம் எதற்கு?

2013 பட்ஜெட் கூட்டத்தொடர் நிலக்கரி ஒதுக்கீட்டு அமளியில் முடங்கியது. மசோதாவை எடுத்தார்கள், பேச விடவில்லை. ஜூலை 5-ஆம் தேதி அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரு மாதம்தான் இருந்தது. காத்திருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். 81 கோடிப் பேருக்கான சட்டம் முறையாக விவாதித்துப் பிறக்க வேண்டியது. அவசரப்பட்டதால் ‘தேர்தலுக்காக’ என்ற பேச்சுக்கு அரசே இடம் கொடுத்துவிட்டது.

பாஜக எதிர்த்ததாகத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? (சேலம்)

இல்லை அம்மா. கடுமையாகப் பேசினார்கள், ஆனால் ஆதரித்தார்கள். 2013 ஆகஸ்ட் 26 இரவு மக்களவையில் மசோதா நிறைவேறியபோது சுஷ்மா சுவராஜ் அரைகுறை மசோதா என்று குறை சொல்லிக்கொண்டே ஆதரவு தெரிவித்தார். முரளி மனோகர் ஜோஷி, இது உணவுப் பாதுகாப்பு இல்லை, ஓட்டுப் பாதுகாப்பு என்றார். அந்தக் கேலியை விட அவர்கள் வைத்த வாதம் கனமானது. சத்தீஸ்கரில் ரமண் சிங்கின் பாஜக அரசு 2012 டிசம்பரிலேயே தன் மாநிலத்துக்கு ஓர் உணவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருந்தது. அதில் பெரும்பாலான குடும்பங்கள் வந்துவிட்டன. அரிசியோடு பருப்பும் உப்பும் இருந்தன. மத்திய சட்டத்தில் பருப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. சோற்றை மட்டும் வைத்துச் சத்துக்குறைவு தீராது என்று அவர்கள் சொன்னது சரி. அதை நான் கட்சி பார்த்துச் சொல்லவில்லை.

மாநிலங்களவை செப்டம்பர் 2-இல் நிறைவேற்றியது. எல்லாக் கட்சிகளும் திருத்தம் திருத்தமாகக் கொண்டுவந்தார்கள். எதிர்க்கட்சிகளின் திருத்தங்கள் எல்லாம் தோற்றன.

நிறைவேறிய மறுநாளே ரூபாய் சரிந்ததே. நாட்டுக்குக் கட்டுப்படியாகாத செலவு என்பது நிரூபணம் ஆகிவிட்டது இல்லையா? (கோவை, பங்குச் சந்தையில் இருப்பவர்)

ஆகஸ்ட் 27-இல் சென்செக்ஸ் 590 புள்ளி விழுந்ததும், 28-இல் டாலருக்கு ரூபாய் 68-ஐத் தாண்டியதும் உண்மை. ஆனால் ரூபாய் மே மாதத்திலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க மத்திய வங்கி பணப்புழக்கத்தைக் குறைக்கப் போகிறது என்றதும் பிரேசில், இந்தோனேசியா, துருக்கி நாணயங்களும் விழுந்தன. அந்த வாரம் சிரியாவில் போர் மூளும் என்ற பயத்தில் கச்சா எண்ணெய் விலை வேறு ஏறியது. எங்கோ கிராமத்தில் ஐந்து கிலோ அரிசி வாங்கும் பெண்ணின் தலையில் இதையெல்லாம் ஏற்றியது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

செலவுக் கணக்கைப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் 1.25 லட்சம் கோடி என்று சொன்னார்கள். அந்தத் தொகை முழுக்கப் புதுச் செலவு போலப் பேசினார்கள். ரேஷன் அரிசி அதற்கு முன்பும் போய்க்கொண்டுதானே இருந்தது? அந்த வருட பட்ஜெட்டிலேயே உணவு மானியம் 90,000 கோடி. அதில் இந்தச் சட்டத்துக்காகக் கூடுதலாக ப. சிதம்பரம் ஒதுக்கியது 10,000 கோடி. பேச வேண்டியது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி. தானியம் போதாது என்ற வாதமும் நிற்கவில்லை. 2012 கோடையில் அரசுக் கையிருப்பு 8 கோடி டன்னைத் தாண்டி, வைக்க இடமில்லாமல் தார்ப்பாய் போட்டு வெளியில் அடுக்கியிருந்தார்கள். சட்டத்துக்கு வருடம் முழுக்கத் தேவைப்பட்டது 6 கோடி டன்னுக்குச் சற்றுக் கூட.

ரேஷனில் நாட்டுக்கே முன்னோடி என்கிற தமிழ்நாடு ஏன் எதிர்த்தது? ஜெயலலிதா அரசியல் செய்தார் என்பதுதானே? (சென்னை, தஞ்சாவூர், இன்னும் பலர்)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். மற்ற மாநிலங்கள் பிரித்தன, தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி அட்டை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அரிசி உண்டு. திமுக, அதிமுக இரண்டும் மாறி மாறி ஆண்டும் அதை யாரும் தொடவில்லை. கருணாநிதி 2008-இல் கிலோ ஒரு ரூபாயாக்கினார். ஜெயலலிதா 2011 ஜூனில் விலையில்லா அரிசியாக்கினார்.

புதுச் சட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சதவீதம் கட்டிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக்குக் கிராமத்தில் 62.55, நகரத்தில் 37.79. மொத்தம் 3.64 கோடிப் பேர். 2011 கணக்குப்படி நம் மக்கள்தொகை 7.21 கோடி. கிட்டத்தட்டப் பாதிப் பேர் சட்டத்துக்கு வெளியே. வறுமையை ஓரளவு குறைத்த மாநிலத்துக்கு அதற்காகவே பங்கு குறைந்தது. இதை எதிர்க்காமல் இருந்திருந்தால்தான் தப்பு.

எதிர்ப்பு ஒன்றும் வீண் போகவில்லை. ஒரு மாநிலத்துக்கு முந்தைய மூன்று ஆண்டு சராசரியாக எவ்வளவு தானியம் போனதோ அது குறையாது என்ற பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. நான்காவது அட்டவணையில் தமிழ்நாட்டுக்கு நேராக வருடத்துக்கு 36.78 லட்சம் டன் என்று போட்டிருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் அரிசியின் விலையை மத்திய அரசு தீர்மானிக்கும் என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் பின்னால் நம்மை மடக்கியது. சட்டத்தை மாநிலத்தில் அமல்படுத்திச் சேராவிட்டால் கிலோ 8.30-க்குத் தந்த அரிசிக்கு 22.54 ரூபாய் கேட்போம் என்றது மத்திய அரசு. 2016 நவம்பர் 1-இல் தமிழ்நாடு சேர்ந்தது. கேரளமும் அன்றுதான். நாட்டிலேயே கடைசியாகச் சேர்ந்தவர்கள் நாம் இருவர்.

அதிமுக மக்களவையில் எதிர்த்தது. திமுக, மாநிலத்துக்கு வரும் அரிசி குறையக் கூடாது என்று கேட்டுவிட்டு ஆதரித்தது. இரண்டு பேருக்கும் கவலை ஒன்றுதான்.

எல்லோருக்கும் கொடுப்பது வீண்தானே சார்? எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர் அரிசி வாங்கி மாவு மில்லுக்கு விற்கிறார். (ஈரோடு)

விற்பதை நானும் பார்த்திருக்கிறேன், நடவடிக்கையும் எடுத்திருக்கிறேன். இருந்தாலும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் கேட்டதும் இதைத்தான். காரணம் சொல்கிறேன்.

2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது ஒரு கடையில் நின்றிருந்தேன். அட்டையில் போட்டோவுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம், என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை அற்றது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரப் பெண்கள் இரண்டு பேர், இரண்டு வீட்டுக்கும் அதே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரு அட்டையில் ‘பி’யில் தொடங்கியது, இன்னொன்றில் ‘என்’. மூத்தவர் என்னிடம் அட்டையை நீட்டி, “எனக்கு மட்டும் ஏன் சாமி ஒரு எழுத்து கூட இருக்கு?” என்று கேட்டார். கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். எந்தக் கணக்கில் அவர் முன்னுரிமை அற்றவர் ஆனார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தெரிந்த எனக்கே தெரியவில்லை.

அரிசி போடுபவர் இரண்டு பேருக்கும் அரிசி அளந்தார். தராசில் பை ஆடி நின்றது, பில் வந்தது, இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். தமிழ்நாட்டில் அந்த ‘என்’ வெறும் எழுத்து. பல மாநிலங்களில் அதே எழுத்துக்கு அர்த்தம், உனக்கு அரிசி கிடையாது என்பது. கோடு போட்டால் பணக்காரர் உள்ளே வருவதும் ஏழை வெளியே போவதும் நடந்தே தீரும். உள்ளே வந்த பணக்காரரால் போவது கொஞ்சம் அரிசி. வெளியே போன ஏழைக்குப் போவது அடுப்பு. இன்னொன்றும் உண்டு. நடுத்தர வீட்டுக்காரரும் வரிசையில் நிற்கிற கடையில் புழு அரிசி போட்டால் அன்றைக்கே தாசில்தாருக்குப் போன் வரும். ஏழைகள் மட்டும் நிற்கிற கடைக்கு யார் போன் போடுவார்கள்?

கர்ப்பிணிகளுக்கு 6,000 ரூபாய் என்று சட்டத்தில் இருந்ததாமே?

இருந்தது, இருக்கிறது. ஆனால் 2017-இல் வந்த மத்தியத் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 என்று குறைத்துக்கொண்டது. சட்டம் சொல்வது ‘6,000-க்குக் குறையாமல்’. நம் மாநிலத்தின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் இதைவிட அதிகம் கிடைத்ததால் இங்கே பலருக்கு இந்தக் குறை தெரியாமலே போனது.

இப்போது எல்லாம் இலவசம்தானே, பழைய சண்டையைப் பேசி என்ன பயன்? (மதுரை, ஆசிரியை)

2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசு 3 ரூபாயையும் வாங்குவதில்லை, 2024 முதல் ஐந்து வருடத்துக்கு நீட்டித்தார்கள். நல்லது. ஆனால் எத்தனை பேருக்கு? 2013-இல் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட எண்ணிக்கை, 81.35 கோடி. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு குறித்த காலத்தில் நடக்கவில்லை. பிறந்தவர்கள் கோடிக்கணக்கில் கூடினார்கள், எண்ணிக்கை அங்கேயே நிற்கிறது. பல மாநிலங்களில் புதுக் குழந்தையின் பெயரைச் சேர்க்க யாராவது ஒருவர் பட்டியலிலிருந்து போக வேண்டும். அன்றைக்கு யாருக்கு என்று சண்டை போட்டபோது எல்லோருக்கும் என்று முடித்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. அதனால்தான் பேசுகிறேன், டீச்சர்.

என் அம்மாச்சி தனியாக இருக்கிறார், வயது 74. அட்டையில் என்.பி.எச்.எச். என்று இருக்கிறது. அந்த்யோதயாவுக்கு மாற்ற முடியுமா அண்ணே? (விருதுநகர்)

கேட்க உரிமை உண்டு. ஆதரவில்லாத முதியோர், கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி எல்லாம் அந்தத் திட்டத்துக்குத் தகுதியானவர்கள்தான். இடம் காலியாக இருந்தால்தான் சேர்ப்பார்கள், அதனால் மனு இன்றே போய்ச் சேரட்டும். வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுதுங்கள்: வயது, தனியாக வசிப்பது, வருமானம் இல்லாதது, அட்டை எண். முதியோர் உதவித்தொகை வாங்கினால் அந்த உத்தரவின் நகலை வையுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தாலுகாவில் ஏதாவது ஒரு கிராமத்தில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். முடிந்தால் அம்மாச்சியையே அங்கே கூட்டிப் போங்கள், நேரில் பார்த்தால் அலுவலர் மனசில் நிற்கும். மனு கொடுத்ததும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.