உடல் வெப்பநிலை எப்போதும் 96 டிகிரி காட்டுகிறது. ஏதாவது நோயா?

உங்கள் வயது 32, வேறு தொந்தரவு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகியுங்கள். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும். நெற்றிக்கு நேரே நீட்டும் வகை என்றால், வியர்வையோ ஏசிக் குளிரோ போதும், கணக்கு தப்பிவிடும். விடியற்காலையில் உடம்பு இயல்பாகவே சற்றுக் குளிர்ந்துதான் இருக்கும். நாம் வேதவாக்காக நம்பும் 98.6 என்பதே, வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1868-இல் எழுதிவைத்த சராசரிதான். 97 டிகிரியோடு நன்றாக நடமாடுகிறவர்கள் ஏராளம்.

95-க்குக் கீழே இறங்கினால் கதை வேறு. கருவியைக் குறை சொல்லி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அப்போது 74 வயது, சர்க்கரை நோயாளி. மே மாத வெயிலில், பகல் பதினொரு மணிக்கு மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். கொடுத்த காபி ஏடு படிந்து அப்படியே கிடந்தது. அளந்தால் 94.6. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்றிப் போட்டேன், மறுபடியும் அதேதான். "காய்ச்சல் இல்லையே, அது போதும்" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மாலையில் அப்பா என்னைத் தம்பி பெயர் சொல்லி அழைத்தபோதுதான் ஆட்டோ பிடித்தோம். சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது. முதியவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம், சூடு தலைகீழாக இறங்கவும் செய்யலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பச்சிளங்குழந்தைகளுக்கும் இது பொருந்தும். பதினொரு நாள் கழித்து வீடு திரும்பினார்.

மற்றக் காரணங்களில் அடிக்கடி காணப்படுவது தைராய்டு குறைபாடு. சோர்வு, மலச்சிக்கல், முடி உதிர்தல், எடை கூடுதல், எல்லோருக்கும் புழுக்கமாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் குளிர்வது, இவையும் சேர்ந்திருந்தால் தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். இரத்தச் சர்க்கரை திடீரென இறங்குவது, போதிய உணவின்மை, தூக்க மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவையும் சூட்டைக் குறைக்கும். மதுவும் அப்படித்தான், குடித்தால் உடம்பு சூடாவதுபோல் தோன்றும், உண்மையில் தோல் வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

நாளை மாலை, காபி குடித்து அரை மணி நேரம் கழிந்த பிறகு, நாக்குக்கு அடியில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். அந்த எண்ணை இங்கே எழுதுங்கள்.