ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் பைக் வாங்கணும்: எந்த ஃப்ரேம், எந்த வீல் சைஸ், ரிம் பிரேக்கா டிஸ்க் பிரேக்கா?

நீங்க கேட்டதை ஒருதடவை சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். கிளாஸ்கோல படிக்கிறீங்க, உயரம் 5 அடி 8 அங்குலம், கைல 26 இன்ச் வீல் உள்ள ஒரு டர்ட் ஜம்ப் பைக் (மண்மேட்டுல தாவற சைக்கிள்) இருக்கு, ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ், அதாவது தெருவுல இருக்கிற சுவர், படிக்கட்டு மேல சைக்கிள்லயே ஏறித் தாண்டற விளையாட்டு, அதைக் கத்துக்க தனியா ஒரு வண்டி வாங்கணும், செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவாயில்ல, எதைப் பார்த்து வாங்கறதுன்னு தெரியல.

நான் எடின்பரோல இருக்கேன், வேலை முடிஞ்சு வந்தா சாயங்காலம் இந்த வண்டியோடதான். என்னைக் கேட்டா 24 இன்ச் வீல், தாழ்வான பாட்டம் பிராக்கெட் (பெடல் க்ராங்க் சுத்தற இடம், சுருக்கமா பி.பி.), முன்னாடி பின்னாடி ரெண்டும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். இந்த மூணுல நடுவுல இருக்கிறதைத்தான் யாரும் கேட்கறதே இல்ல. எல்லாரும் வீல் சைஸ வச்சே பேசிட்டு இருப்பாங்க, வண்டியோட குணத்தைத் தீர்மானிக்கிறது பாட்டம் பிராக்கெட் எவ்வளவு உயரத்துல இருக்குங்கறதுதான்.

அதை எப்படிப் பார்க்கறதுன்னா, முன் வீல் அச்சுலேர்ந்து பின் வீல் அச்சுக்கு நேரா ஒரு கோடு போட்டதா நினைச்சுக்கோங்க. பெடல் க்ராங்க் சுத்தற இடம் அந்தக் கோட்டுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா, எத்தனை மில்லிமீட்டர், அதுதான் பி.பி. ரைஸ். உங்க டர்ட் ஜம்ப் பைக்ல அது கோட்டுக்குக் கீழ இருக்கும். காம்படிஷன் ட்ரையல்ஸ் வண்டில கோட்டுக்கு ரொம்ப மேல, 50, 60, சிலதுல அதையும் தாண்டிப் போகும். ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் ஃப்ரேம் ரெண்டுக்கும் நடுவுல, கோட்டை ஒட்டியே கொஞ்சம் மேல உட்கார்ந்திருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்டா, முன் வீலைத் தூக்கிப் பின் வீல்ல நிக்கும்போது வண்டி பின் அச்சைச் சுத்தி மேல எழும்புது இல்லையா, பி.பி. உயரமா இருந்தா உங்க கால் இருக்கிற இடம் சீக்கிரமே பின் அச்சுக்கு மேல வந்துடும், அதிகம் தூக்காமலே பேலன்ஸ் கிடைச்சுடும், அங்கேயே டக் டக்குனு ஹாப் பண்ணிட்டே நிக்கலாம். பாறை மேல, பேலட் மேல ஏறுற காம்படிஷன்காரங்களுக்கு அதுதான் வேணும். ஆனா அதே வண்டிய உருட்டிட்டு வந்து மேனுவல் (மிதிக்காம பின் வீல்ல மட்டும் உருள்றது) போட்டுப் பாருங்க, பேலன்ஸ் கிடைக்கிற இடம் ஊசிமுனை மாதிரி இருக்கும், கொஞ்சம் தப்பினா பின்னாடி சாய்ச்சுடும், பன்னி ஹாப் (ஓடிட்டே ரெண்டு வீலையும் தூக்கித் தாவறது) பண்ணா வண்டிக்கு உள்ள நிக்காம மேல நிக்கற மாதிரியே தோணும், 180, 360 டிகிரி சுத்தும்போதும் ஒட்டாது. ஸ்ட்ரீட்ல பாதி ஆட்டம் வேகத்தோட வந்து பண்றது, அதனால தாழ்ந்த பி.பி. வேணும், ஆனா டர்ட் ஜம்ப் அளவுக்குத் தாழ்ந்தா பின் வீல் ஹாப் பெரிய பாடா ஆகிடும். ஆகவே யார்கிட்ட வாங்கினாலும் முதல் கேள்வி பி.பி. ரைஸ் எவ்வளவுங்கறதா இருக்கட்டும். விக்கறவருக்குத் தெரியலன்னா சுவர்ல சாய்ச்சு வச்சு, தரையிலேர்ந்து ரெண்டு அச்சு உயரத்தையும் பி.பி. நடு உயரத்தையும் டேப் வச்சு அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது செயின்ஸ்டே, அதாவது பி.பி.லேர்ந்து பின் அச்சு வரைக்கும் உள்ள தூரம். 20 இன்ச் வண்டில 350 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், 24ல 360, 370, காம்படிஷன் 26ல 380 பக்கம். குட்டையா இருந்தா முன் வீல் லேசா எழும்பும், சுத்தறதும் சுலபம். மொத்த வீல்பேஸ் 24 இன்ச்ல ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீட்டர். ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கோட சாய்வு) பத்திப் பெருசா அலட்டிக்க வேண்டாம். சீட் இருக்கிற ஃப்ரேமா பாருங்க, காம்படிஷன் வண்டிகள்ல சீட் போட இடமே இருக்காது, ஆனா ஸ்ட்ரீட்ல முட்டில இடுக்கிப் பிடிக்கவும், வழில சும்மா உருண்டு போகும்போது உட்காரவும் அந்தச் சின்ன சீட் வேணும்.

இப்ப வீல். இந்த விளையாட்டு ஸ்பெயின்ல, காட்டலோனியால ஆரம்பிச்சது, மோட்டார் ட்ரையல்ஸ் ஓட்டின பெரே பி தன்னோட பையன் ஓட் பி-க்காக சைக்கிள்ல அதைச் செஞ்சு பார்த்ததுலேர்ந்து. ஆரம்பத்துலேர்ந்தே சின்ன வீல் வண்டிகள்தான், அந்த வழில இன்னைக்கும் உலகப் போட்டிகள்ல 20 இன்ச், 26 இன்ச்னுதான் பிரிவு. 24க்குப் போட்டிப் பிரிவு கிடையாது. அதனால பின்னாடி போட்டிக்குப் போகணும்னு ஆசை இருந்தா இப்பவே அதைச் சொல்லிடுங்க, என் பதில் மாறிடும்.

ஸ்ட்ரீட்ல 24 எப்படி நிலைச்சுதுன்னா, 2009 ஏப்ரல்ல வந்த டேனி மெக்காஸ்கில் வீடியோவுக்கு அதுல பெரிய பங்கு இருக்கு. ஸ்கை தீவுக்காரர், அப்ப இங்க எடின்பரோல ஒரு சைக்கிள் கடைல மெக்கானிக். முனை கூரான இரும்பு வேலி மேல வீலை ஏத்தி ஓட்டுவாரே, அந்த வீடியோதான். அவர் ஓட்டினது இன்ஸ்பயர்டு கம்பெனியோட ஃபோர்ப்ளே, 24 இன்ச். பிறகு அவர் பேர்ல வந்த ஃப்ரேமுக்கு அவரோட தீவுப் பேரையே வச்சு ஸ்கைன்னு விட்டாங்க, அதுவும் 24தான். அந்த வீடியோவ இப்ப போட்டுப் பாருங்க, வண்டி அவர் உடம்புக்கு எவ்வளவு சின்னதா தெரியுது, ஆனா படிக்கட்டுல இறங்கும்போது வீல் படிக்குள்ள மாட்டாம உருளுது. அந்த ரெண்டும் சேர்ந்து கிடைக்கிறதுதான் 24. பி.எம்.எக்ஸ் மாதிரி கைல சுழலும், மவுண்டன் பைக் மாதிரி கல்லு குழி மேல போகும்.

20 இன்ச் ரொம்ப லேசு, சுத்த அருமையா இருக்கும். ஆனா 20 இன்ச் ட்ரையல்ஸ்னு விக்கறதுல நிறைய காம்படிஷன் வண்டிகள், பின் வீல் 19 இன்ச், அதுல 2.5 அகல டயர், பி.பி. உயரம். பின் ஹப் (வீல் நடுவுல இருக்கிற உருளை) அகலமும் 116 மில்லிமீட்டர்னு தனி அளவு, சாதாரணக் கடைல கிடைக்காது. 26 எடுத்தா பாகம் மலிவா கிடைக்கும், ஆறடிக்கு மேல இருக்கிறவங்களுக்கு நல்லாவும் இருக்கும். உங்க உயரத்துக்கு 24 சரியா உட்காரும். ஒரே குறை, 24க்கு டயர் வகை குறைவு. மேக்சிஸ் ஹோலி ரோலர் 2.4, ஷ்வால்பே கிரேஸி பாப் 2.35 மாதிரி சில பேரைத்தான் சுத்திச் சுத்தித் தேடணும், கிடைக்கும்போது ஒண்ணு கூட வாங்கி வச்சுக்கோங்க.

பிரேக்குக்கு வர்றேன், இதுல நிறையச் சொல்லணும், ஏன்னா ட்ரையல்ஸ்ல பிரேக் வேகத்தைக் குறைக்க இல்ல, வீலைப் பூட்டி வைக்க. சுவர் விளிம்புல பின் வீல் மட்டும் நிக்குது, உங்க மொத்த எடையும் அதுல, அந்த நேரத்துல வீல் ஒரு அங்குலம் உருண்டாலும் கீழதான். ஒரே ஒரு விரல்ல அதைப் பூட்ட முடியணும்.

ரிம் பிரேக்னா ட்ரையல்ஸ்ல அர்த்தம் மகுரா எச்.எஸ். 33, ஜெர்மன் சரக்கு, ஹைட்ராலிக் ரிம் பிரேக். இதை அப்படியே போட்டு யாரும் ஓட்டறதில்ல, ஆங்கிள் கிரைண்டர் வச்சு ரிம் பக்கவாட்டுல கோடு கோடா கீறி விடுவாங்க, பேட் அந்தக் கோட்டுல கடிச்சுப் பிடிக்கும். கிரைண்ட் புதுசா இருக்கும்போது அந்தப் பிடி இருக்கே, வீல் சிமெண்ட் போட்ட மாதிரி நிக்கும், சத்தமும் தெருவுக்கே கேட்கும். உள்ள இருக்கிற எண்ணெய எடுத்துட்டுத் தண்ணி ஊத்தறவங்களும் உண்டு, தண்ணி எண்ணெயை விட இலகுவா ஓடும், லிவர் மெத்துனு ஆகிடும், குளிர் ஊர்ல உறையாம இருக்க ஆன்டிஃப்ரீஸ் கலந்துக்குவாங்க. இதெல்லாம் எச்.எஸ். 33க்கு மட்டும், டிஸ்க் பிரேக்ல தண்ணி ஊத்திடாதீங்க.

இவ்வளவு நல்லதா இருந்தும் நான் ஏன் உங்களுக்கு ரிம் பிரேக் சொல்லலன்னா, கிளாஸ்கோ மழைதான் முதல் காரணம். ரிம் ஈரமானா பிடி மாறிடும், காய்ஞ்சா திரும்ப மாறும், கத்துக்கிற நேரத்துல பிரேக் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருந்தா கைக்குப் பழக்கமே ஆகாது. கிரைண்ட் தேயும், திரும்பக் கீறணும், கீறக் கீற ரிம் மெலிசாகும். ஸ்ட்ரீட்ல குதிச்சு இறங்கறதுல ரிம் நெளியறது சகஜம், நெளிஞ்ச ரிம்ல பேட் ஒரு பக்கம் உரசிட்டே இருக்கும். டிஸ்க்குக்கு ரிம் நெளிஞ்சா என்ன, ரோட்டார் (பிரேக் பிடிக்கிற தகடு) நடுவுல பத்திரமா இருக்கு. அதோட டிஸ்க்ல கொஞ்சமா பிடிக்கறது, நிறைய பிடிக்கறது ரெண்டும் விரல்லயே வரும், எண்டோ போட்டு, அதாவது பின் வீலைத் தூக்கி, முன் வீல்ல திரும்பறதுக்கு அந்த நிதானம் ரொம்ப வேணும்.

எந்த டிஸ்க்னா, லங்காஷயர்ல பார்னோல்ட்ஸ்விக்ல இருக்கிற ஹோப் கம்பெனி ட்ரையல் ஸோன்னு இதுக்குன்னே ஒண்ணு பண்ணாங்க, செகண்ட் ஹேண்ட் வண்டிகள்ல அது நிறைய வரும். ஷிமானோல ஸெய்ன்ட், ஸீ ரெண்டுமே டவுன்ஹில்லுக்குச் செஞ்சது, ட்ரையல்ஸ்லயும் நல்லா பூட்டும். ரோட்டார் 160 மில்லிமீட்டர் போதும், முன்னாடி 180 போட்டாலும் தப்பில்ல. ஹோப்புக்கு டாட் ஃப்ளூயிட், ஷிமானோவுக்கு மினரல் ஆயில், மாத்தி ஊத்தினா உள்ள இருக்கிற சீல் ஊதிக் கெட்டுடும். ஐரோப்பாலேர்ந்து வர்ற வண்டில முன் பிரேக் இடது கைல இருக்கும், பிரிட்டன்ல நாம வலது கைல பிடிக்கறோம், மாத்தறதுக்கு ஹோஸ் நீளம் எட்டுதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

டிஸ்க்கோட ஒரே எதிரி எண்ணெய்ப் பசை. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ரோட்டார் மேல ஒரு துளி பட்டாலும் பேட் போச்சு. புது பேட் போட்டா உடனே சுவர் மேல ஏறாதீங்க, முதல்ல சமதரைல வேகமா மிதிச்சு நிதானமா நிறுத்தி, அப்படியே திரும்பத் திரும்பப் பண்ணிப் பழக்கணும். ட்ரையல்ஸ் ஆளுங்க காலிப்பர்ல (பேட் உட்கார்ந்திருக்கிற பாகம்) கொஞ்சம் தண்ணி விட்டு பிரேக்கப் பிடிச்சுட்டே மிதிப்பாங்க, பேட் சீக்கிரம் படியும், கடியும் கூடும். எச்.எஸ். 33 மவுண்ட், டிஸ்க் மவுண்ட் ரெண்டும் இருக்கிற ஃப்ரேம் கிடைச்சா அதையே எடுங்க, பின்னாடி மனசு மாறினா வழி இருக்கும்.

பிரேக்குக்கு அடுத்து காசு போட வேண்டியது ஹப்ல. நின்ன இடத்துலேர்ந்து பெடல் கிக் அடிச்சு, அதாவது பெடலை ஒரே உதையா மிதிச்சு, தாண்டும்போது பெடல் மிதிச்சவுடனே வீல் பிடிக்கணும். சுத்துக்கு 24 இடத்துல பிடிக்கிற சாதாரண ஹப்ல 15 டிகிரி வரைக்கும் பெடல் சும்மா போகும், 72 இடத்துல பிடிக்கிற கிறிஸ் கிங் மாதிரி ஹப்ல 5 டிகிரிதான். காம்படிஷன் வண்டில இப்படிப் பிடிக்கிற பாகம், ஃப்ரீவீல், முன்னாடி க்ராங்க்ல இருக்கும், நீங்க பெடல் மிதிக்காட்டியும் செயின் வீலோட சேர்ந்து ஓடிட்டே இருக்கும். ஸ்ட்ரீட்டுக்கு பின் ஹப்ல ஃப்ரீஹப் இருக்கிறதே நல்லது, வேகமா உருளும்போது செயின் சும்மா இருக்கும், பேன்ட்டும் தப்பிக்கும். செயினைப் பார்த்துக்கோங்க தம்பி, பெடல் கிக் நடுவுல செயின் அறுந்தா முகம் நேரா கல்லுக்குத்தான் போகும். பழைய வண்டி வாங்கினா முதல் நாளே புது செயின் மாத்திடுங்க, அதுல யோசிக்கவே வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் ஃப்ரேம் பெரும்பாலும் அலுமினியம், அது இரும்பு மாதிரி வளைஞ்சு காட்டாது, விரிசல் விட்டு ஒருநாள் உடையும். நேர்ல போய்ப் பாருங்க, ஈரத்துணியால துடைச்சுட்டு டார்ச் அடிங்க, ஹெட் ட்யூபுக்கு அடில டவுன் ட்யூப் வெல்டிங், பி.பி. பின்னாடி செயின்ஸ்டே சேர்ற இடம், பின் டிராப்பவுட் (பின் அச்சு மாட்டற இடம்), டிஸ்க் மவுண்ட் சுத்தி. பெயின்ட்ல மயிரிழைக் கோடு தெரிஞ்சா, விக்கறவர் அது வெறும் பெயின்ட்தான்னு சொன்னாலும், வேண்டாம்னு வந்துடுங்க. ஹேண்டில்பார் எத்தனை வருஷம்னு தெரியாம இருந்தா அதையும் புதுசா மாத்துங்க.

வண்டி கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். உங்க டர்ட் ஜம்ப் பைக்ல சீட்டைக் கடைசி வரைக்கும் இறக்கி, முன் ஃபோர்க்ல காத்து கூட ஏத்தி விறைப்பாக்குங்க, சஸ்பென்ஷன் நீங்க குடுக்கிற அழுத்தத்தை எல்லாம் குடிச்சுடும். கியர் கனமா இருந்தா முன் ஸ்ப்ராக்கெட் சின்னதா மாத்துங்க. நின்ன இடத்துல ரெண்டு பிரேக்கும் பிடிச்சு ட்ராக்ஸ்டாண்ட் (கால் ஊனாம பேலன்ஸ்ல நிக்கறது), அப்புறம் ரெண்டு வீலும் சேர்த்துப் பக்கவாட்டுல ஹாப், அப்புறம் பிளாட்ஃபார ஓரத்துல முன் வீலை வச்சு பின் வீலை ஏத்தறது, இந்த வரிசைல போங்க. பின் வீல் ஹாப் மட்டும் அந்தத் தாழ்ந்த பி.பி.ல கஷ்டமா இருக்கும், அதுக்காக மனசு விடாதீங்க, 24 வந்ததும் அது தானா லேசாகும். ஹெல்மெட், ஷின் கார்ட் ரெண்டும் முதல் நாள்லேர்ந்தே போடுங்க, ட்ரையல்ஸ் பெடல்ல இருக்கிற முள்ளு முழங்கால் கீழ எலும்பைத்தான் தேடி வரும்.